அப்பாவுக்கு மாத்திரை ஏறிக்கிட்டே போகுது, இப்ப தலைசுத்தல் வேற... எதை நிறுத்தலாம்?

தூக்கமில்லா_மகன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயசு, சுகரும் பிரஷரும் ரொம்ப வருஷமா இருக்கு, ஆனா கண்ட்ரோல்லதான் இருந்துச்சு. இந்த ஒரு வருஷமாத்தான் ஒண்ணு மாத்தி ஒண்ணு. பிரஷர் ஏறுதுன்னு மாத்திரை கூட்டினாங்க, கால் வீங்குச்சுன்னு இன்னொரு டாக்டர் நீர் போற மாத்திரை குடுத்தாரு, விடாம வறட்டு இருமல், அதுக்கு வேற ஒருத்தர்கிட்ட காட்டி சிரப், முட்டி வலிக்கு எலும்பு டாக்டர் ஒரு மாத்திரை. இப்ப பத்து நாளா எழுந்து நின்னா கண்ணு இருட்டிக்கிட்டு வருதுங்கறாரு, ராத்திரில எழுந்து உட்கார்ந்து சம்பந்தமே இல்லாம பேசுறாரு, யூரின் போறதுக்கும் ரொம்ப நேரம் நிக்கிறாரு. வீட்ல எல்லாரும் வயசாயிடுச்சு அப்படித்தான் இருக்கும்னு சொல்றாங்க. எனக்கென்னவோ மாத்திரைதான் காரணம்னு தோணுது. எதை நிறுத்திப் பாக்கலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எதிர்க்கட்சி:
பாஸ், எல்லாத்தையும் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்க, உடம்பு தானா சரியாயிடும். இவங்க குடுக்குறதுல பாதி தேவையே இல்லாத மாத்திரை. மூலிகைக்கு மாறிடுங்க, அதுல சைடு எஃபெக்ட்டே கிடையாது.

வார்டு_அக்கா:
மேல சொன்னதை மட்டும் செஞ்சிடாதீங்க தம்பி. நான் நர்ஸ், மருந்தைத் திடீர்னு நிறுத்திட்டு ஸ்ட்ரெச்சர்ல வர்றவங்களைப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். பீட்டா பிளாக்கர் வகை பிரஷர் மாத்திரையை டக்குனு நிறுத்தினா இதயத்துடிப்பு எகிறி நெஞ்சுவலி வரலாம், குளோனிடின்னு ஒண்ணு இருக்கு அதை நிறுத்தினா பிரஷர் முன்ன இருந்ததை விட மேல போகும், மாசக்கணக்குல ஸ்டீராய்டு போட்டவங்க, வலிப்பு மாத்திரை போடுறவங்க, தூக்க மாத்திரை பழகினவங்க, இவங்கல்லாம் படிப்படியா குறைச்சுத்தான் இறங்கணும். உங்க அப்பா லிஸ்ட்ல இதெல்லாம் இருக்கா இல்லையான்னு தெரியாமலே ஒருத்தர் நிறுத்துன்னு சொல்லிட்டுப் போறாரு பாருங்க.

மூலிகைல சைடு எஃபெக்ட் இல்லைங்கறதும் தப்பு. செயிண்ட் ஜான்ஸ் வோர்ட்னு மனச்சோர்வுக்கு எடுக்குற ஒரு செடி, அது கல்லீரல்ல மருந்தை உடைக்கிற என்சைமைத் தூண்டிவிட்டுடும், அதனால ரத்தம் உறையாம இருக்க போடுற வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, உறுப்பு மாற்று சிகிச்சைக்கு அப்புறம் போடுற சைக்ளோஸ்போரின் எல்லாம் வேலை செய்யாம போயிடும். செடியா இருந்தாலும் உள்ள போனா கெமிக்கல்தான்.

இப்ப முக்கியமானது. யூரின் சுத்தமா வரலைன்னாலோ அளவு ரொம்பக் குறைஞ்சாலோ, மயங்கி விழுந்தாலோ, கூப்பிட்டா சரியா பதில் சொல்லலைன்னாலோ, மலம் தார் மாதிரி கருப்பா போனாலோ இங்க பதிலுக்கு வெயிட் பண்ணாதீங்க, நேரா எமர்ஜென்சி. எந்த மருந்து போட்ட பிறகும் உதடு நாக்கு வீங்கறது, மூச்சுத் திணறல், இல்ல காய்ச்சலோட வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் கொப்புளம் விடறது, இதுவும் அப்படித்தான், அடுத்த வேளை டோஸைப் போடாம ஓடணும்.

மாத்திரைக்கடைக்காரன்:
சகோ, நான் ஃபார்மசிஸ்ட். எதை நிறுத்தலாம்னு கேக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. வீட்ல இருக்கிற எல்லா அட்டையையும் பாட்டிலையும் மேசைல பரப்பி, பெரிய எழுத்துல இருக்கிற பிராண்ட் பேரை விட்டுட்டு கீழ பொடி எழுத்துல இருக்கிற மருந்துப் பேரையும் மி.கி. அளவையும் எழுதுங்க. சீட்டு இல்லாம நீங்களா வாங்கினதையும் சேர்த்து. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணும் எந்த மாசம் ஆரம்பிச்சதுன்னு பக்கத்துல போடுங்க, ஒவ்வொரு தொந்தரவும் எந்த மாசம் ஆரம்பிச்சதுன்னு அதே பேப்பர்ல போடுங்க. இந்த வரிசைதான் எனக்கு வேணும். பழைய சீட்டு, பில்லு, போட்டோ எதுல இருந்தாவது தேதி பிடிச்சிடலாம்.

தூக்கமில்லா_மகன்:
அண்ணா ராத்திரி உட்கார்ந்து எடுத்துட்டேன். சுகருக்கு மெட்ஃபார்மின் எஸ்ஆர் 500 ரெண்டு வேளை, கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாடின் 10 ராத்திரி, இது ரெண்டும் பழசு. பிப்ரவரில முட்டி வலிக்கு அசெக்ளோஃபெனாக் 100 கூட பாராசிட்டமால் 325 சேர்ந்த மாத்திரை, ரெண்டு வேளை. பத்து நாளைக்குன்னு எழுதினது, நல்லா கேக்குதுன்னு அவரே வாங்கிப் போட்டுக்கிட்டு இருக்காரு. ஏப்ரல்ல பிரஷர் ஏறிடுச்சுன்னு பழைய மாத்திரையை மாத்தி ராமிப்ரில் 5. ஜூன்ல அம்லோடிபின் 5 சேர்த்தாங்க. வறட்டு இருமல் மே கடைசில இருந்து. கால் வீக்கம் ஜூலை. ஆகஸ்ட்ல நீர் போறதுக்கு ஃப்ரூசமைடு 40. செப்டம்பர்ல இருந்து இருமல் சிரப், அதுல குளோர்ஃபெனிரமின், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன்னு போட்டிருக்கு. இப்ப சளி பிடிச்சதுன்னு கடைல கேட்டு வாங்கின சளி மாத்திரை மூணு வேளை, அதுல பாராசிட்டமால் 500, குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின். உடம்பு வலிக்குதுன்னு தனியா பாராசிட்டமால் 650 வேற மூணு வேளை போடுறாராம், இது எனக்கே நேத்துதான் தெரியும்.

மாத்திரைக்கடைக்காரன்:
அருமையா எடுத்திருக்கீங்க. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க. நான் நேர்ல பாக்கல, ரத்த டெஸ்ட்டும் பாக்கல, அதனால இது டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய சந்தேகங்கள்னு எடுத்துக்கோங்க, தீர்ப்பு கிடையாது.

முதல்ல அந்தத் தேதி வரிசையைப் பாருங்க. பிப்ரவரில வலி மாத்திரை, ஏப்ரல்ல பிரஷர். அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் இந்தக் குடும்பம் மொத்தமே உடம்புல உப்பையும் தண்ணியையும் நிறுத்தி வெச்சு பிரஷரை ஏத்தும், பிரஷர் மாத்திரையோட வேலையையும் மட்டுப்படுத்தும். பிரஷர் பாத்த டாக்டருக்கு முட்டி மாத்திரை ஓடிக்கிட்டு இருக்குன்னு யாராவது சொன்னீங்களா? சொல்லியிருக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன், ஏன்னா அது வேற டிபார்ட்மென்ட் மாத்திரைன்னு நம்ம மனசுல இருக்கும்.

அடுத்து ராமிப்ரில். ப்ரில்னு முடியுற மாத்திரைகள்ல வறட்டு இருமல் நல்லா தெரிஞ்ச பக்கவிளைவு, தொண்டைல ஏதோ அரிக்கிற மாதிரி, சளியே இல்லாம, ராத்திரில அதிகமா. ஏப்ரல்ல மாத்திரை, மே கடைசில இருமல், பொருந்துது. இந்த இருமலுக்கு எத்தனை சிரப் குடிச்சாலும் கேக்காது. அந்த சிரப்ல இருக்கிற குளோர்ஃபெனிரமின் பழைய தலைமுறை அலர்ஜி மருந்து, சின்ன வயசுக்காரங்களுக்குத் தூக்கம் வரும் அவ்வளவுதான், ஆனா வயசானவங்க மூளைல அது குழப்பத்தை உண்டாக்கும், ராத்திரில சம்பந்தமில்லாம பேசுறது, வாய் காயுறது, மலச்சிக்கல், புராஸ்டேட் கொஞ்சம் பெருத்திருந்தா யூரின் அடைச்சுக்கிறது எல்லாம் வரும். முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள்னு டாக்டர்கள் வெச்சிருக்கிற பீர்ஸ் பட்டியல்லயே இந்த வகை இருக்கு, அந்தப் பட்டியல் முதல்ல வந்தது 1991ல, புதுசா கண்டுபிடிச்ச விஷயம் ஒண்ணும் இல்ல. உங்க அப்பாவுக்கு இது சிரப்ல ஒரு பங்கு, சளி மாத்திரைல இன்னொரு பங்குன்னு டபுளா போகுது. சளி மாத்திரைல இருக்கிற ஃபினைல்எஃப்ரின் வேற பிரஷரை ஏத்தும், யூரினையும் கஷ்டப்படுத்தும்.

கால் வீக்கம் அம்லோடிபினோட வேலையா இருக்க வாய்ப்பு நிறைய. அது சின்ன ரத்தக்குழாயை விரிச்சு விடறதால நீர் வெளிய கசிஞ்சு கணுக்கால்ல தங்குது, உடம்புல மொத்தமா தண்ணி கூடிப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. அதனால ஃப்ரூசமைடு போட்டா அந்த வீக்கம் பெருசா வடியாது, ஆனா ரத்தத்துல இருக்க வேண்டிய தண்ணி போயிடும், எழுந்து நின்னா பிரஷர் இறங்கி கண்ணு இருட்டும். (இதய பிரச்சனைக்காகக் குடுத்திருந்தா கதையே வேற, அதைக் கட்டாயம் கேளுங்க.)

எனக்கு பயமா இருக்கிறது இதுல எந்த ஒண்ணும் தனியா கிடையாது, ராமிப்ரில், ஃப்ரூசமைடு, அசெக்ளோஃபெனாக் மூணும் ஒரே ஆள் வயித்துக்குள்ள போறதுதான். கிட்னி வடிகட்டணும்னா உள்ள வர்ற குழாய் விரியணும், வெளிய போற குழாய் கொஞ்சம் இறுகணும், ஓடுறதுக்கு ரத்தத்துல தண்ணி இருக்கணும். வலி மாத்திரை முதல் குழாயை சுருக்குது, ராமிப்ரில் ரெண்டாவதைத் தளர்த்துது, நீர் மாத்திரை தண்ணியைக் குறைக்குது. மூணு டாக்டரும் அவங்கவங்க எழுதினது தப்பில்லாம இருக்கலாம், சேர்ந்தா கிட்னி திடீர்னு படுத்துக்கும். இதோட வாந்தி பேதி ஏதாவது வந்தா இன்னும் மோசம். கிட்னி குறைஞ்சா மெட்ஃபார்மின் அளவையும் மறுபடி பாக்கணும். அதனால நாளைக்கே கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுறது, கிட்னி குறைஞ்சா இது ஏறும்), பொட்டாசியம், சோடியம் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்க.

பாராசிட்டமால் கணக்கு: முட்டி மாத்திரைல 325 ரெண்டு தடவை 650, சளி மாத்திரைல 500 மூணு தடவை 1500, தனியா 650 மூணு தடவை 1950. மொத்தம் 4100 மி.கி. நல்லா இருக்கிற பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு மேல் எல்லை 4000, வயசானவங்க, ஒல்லியா இருக்கிறவங்க, தண்ணி அடிக்கிறவங்க, கல்லீரல் பிரச்சனை உள்ளவங்களுக்கு அதை விட குறைச்சுத்தான் சொல்லுவாங்க. மூணு வேற வேற பேர்ல போனதால அவருக்குத் தெரியவே இல்ல. இது கல்லீரலைத் தாக்கும்போது முதல் நாள் ஒண்ணுமே தெரியாது, அதுதான் இதுல ஆபத்து, அதனால ரத்த டெஸ்ட்ல கல்லீரலையும் சேர்த்துக்கோங்க. இத்தனை நாளா இந்த அளவுக்குப் போட்டிருக்காருங்கறதை டாக்டருக்கு இன்னைக்கே போன்ல சொல்லிடுங்க, நேர்ல போகும்போது சொல்லிக்கலாம்னு வெக்காதீங்க.

இப்ப என்ன செய்யலாம்? நீங்களா கடைல வாங்கின சளி மாத்திரை, தனி பாராசிட்டமால் இதை விட்டுடலாம், அதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல. சிரப், வலி மாத்திரை, ஃப்ரூசமைடு மூணையும் பத்தி அதே போன்லயே கேட்டு அவங்க சொல்றபடி செய்யுங்க. ராமிப்ரில், அம்லோடிபின், சுகர் மாத்திரைல கை வெக்காதீங்க. எல்லாத்தையும் ஒரு பைல போட்டு, அந்தத் தேதி பேப்பரோட, ஒரே டாக்டர்கிட்ட கொண்டு போங்க. சிரப் குடுத்தவர், கால் வீக்கத்துக்குக் குடுத்தவர்னு திரும்பவும் தனித்தனியா போனீங்கன்னா ஒன்பதாவது மாத்திரையோட வருவீங்க.

வார்டு_அக்கா:
கடைக்காரர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க தம்பி. வீட்ல பிரஷர் மெஷின் இருந்தா அப்பாவை அஞ்சு நிமிஷம் படுக்க வெச்சு ஒரு தடவை பாருங்க, எழுப்பி நிக்க வெச்சு ஒரு நிமிஷத்துல ஒரு தடவை, மூணு நிமிஷத்துல ஒரு தடவை. பக்கத்துல பிடிச்சுக்க ஒரு ஆள் இருக்கணும். மேல உள்ள நம்பர் 20 அல்லது அதுக்கு மேல, இல்ல கீழ உள்ளது 10 அல்லது அதுக்கு மேல இறங்கினா அதை எழுதிட்டுப் போங்க. உட்கார வெச்சு மட்டும் பாத்தா நார்மலாத்தான் காட்டும், தலைசுத்துதுன்னு சொல்றது சும்மா பிரமைன்னு விட்டுடுவாங்க.

மெட்ஃபார்மின் எஸ்ஆர் மாத்திரையை விழுங்க கஷ்டமா இருக்குன்னு பொடிச்சுக் குடுக்குறீங்களா? எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர், சிஆர்னு பேருக்குப் பின்னாடி இருந்தா பொடிக்கவே கூடாது, நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா இறங்க வேண்டியது ஒரே அடியா இறங்கிடும். அந்த மாத்திரையோட கூடு மலத்துல அப்படியே வரும், மாத்திரை கரையவே இல்லன்னு பயந்து இன்னொண்ணு போட்டுடாதீங்க, மருந்து இறங்கியிருக்கும், வெறும் கூடுதான் அது.

எதிர்க்கட்சி:
சரி நான் சொன்னது ஓவர்தான். ஆனா ஒண்ணு கேக்குறேன், எந்த மாத்திரை டப்பாவைத் திறந்தாலும் உள்ள ஒரு பெரிய பேப்பர், அதுல தலைவலில இருந்து சாவு வரைக்கும் எல்லாம் போட்டிருக்கான். அதைப் படிச்சா எவன் மாத்திரை போடுவான்? அப்ப எதைத்தான் நம்புறது?

மாத்திரைக்கடைக்காரன்:
நியாயமான கேள்வி. அந்தப் பேப்பர்ல இருக்கிற வார்த்தைகளுக்கு பல நாடுகள்ல கணக்கு இருக்கு. மிகப் பரவலானதுன்னா பத்துல ஒருத்தருக்கு மேல, பரவலானதுன்னா நூத்துல ஒருத்தர்ல இருந்து பத்துல ஒருத்தர் வரைக்கும், அரிதுன்னா ஆயிரத்துல ஒருத்தருக்கும் கீழ. பட்டியல்ல மேல இருக்கிற ரெண்டு மூணையும், உடனே டாக்டரைப் பாருங்கன்னு தனியா போட்டிருக்கிறதையும் படிச்சா போதும். படிச்சு பயந்தா அந்தப் பயத்தாலேயே தொந்தரவு வரும், இது நெஜம். 2020ல வந்த ஒரு ஆய்வுல, கொலஸ்ட்ரால் குறைக்கிற ஸ்டாடின் மாத்திரை ஒத்துக்கலைன்னு நிறுத்தினவங்களுக்கு சில மாசம் ஸ்டாடின், சில மாசம் ஒண்ணுமே இல்லாத மாத்திரை, சில மாசம் எதுவும் இல்லாமன்னு மாத்தி மாத்திக் குடுத்தாங்க. மாத்திரை போட்டா வந்த தொந்தரவுல 90 சதவீதம் வெறும் மாத்திரைலயும் வந்துச்சு. அதுக்காக ஸ்டாடினால தசைவலி வராதுன்னு சொல்லல, கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாடிக்கை சிம்வாஸ்டாடினோட சேர்த்துப் போட்டா தசையே உடைஞ்சு கிட்னி வரைக்கும் போகலாம். அதனாலதான் லிஸ்ட்டைப் பாத்து பயப்படறதை விட தேதியைப் பாருங்கன்னு சொல்றேன்.

ஊசின்னா_ஓட்டம்:
இடைல புகுந்ததுக்கு மன்னிக்கவும். சின்ன வயசுல அமாக்சிசிலின்னு பென்சிலின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வயித்தால போச்சுன்னு அம்மா எல்லா இடத்துலயும் பென்சிலின் அலர்ஜின்னு எழுத வெச்சிருக்காங்க. இது அலர்ஜியா?

வார்டு_அக்கா:
வயித்தால போறது மட்டும்னா அது பக்கவிளைவு, அலர்ஜி இல்ல. தடிப்பு, அரிப்பு, முகம் வீங்குறது, மூச்சு இழுக்குறது இருந்துச்சான்னு அம்மாகிட்ட கேளுங்க. பென்சிலின் அலர்ஜின்னு சொல்லிக்கிட்டு இருக்கிறவங்களை முறையா டெஸ்ட் பண்ணா பெரும்பாலானவங்களுக்கு அலர்ஜியே இருக்காது, தேவையில்லாம வேற ஆன்டிபயாடிக் வாங்கிக்கிட்டு இருப்பாங்க. ஆனா வீட்ல ஒரு மாத்திரை போட்டுப் பாத்து டெஸ்ட் பண்றேன்னு ஆரம்பிக்காதீங்க. அலர்ஜி டாக்டர்கிட்ட போய் பண்ணிக்கிற வேலை அது.

தூக்கமில்லா_மகன்:
அப்டேட் போட லேட் ஆயிடுச்சு, எல்லாரும் மன்னிக்கணும். அன்னைக்கே போன்ல சொன்னோம், உடனே கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. பழைய டாக்டர்கிட்டயே மொத்த பையையும் கொட்டினோம், அந்தத் தேதி பேப்பரை அவர் ரெண்டு தடவை படிச்சாரு. கிரியேட்டினின் 1.9, முன்ன 1.0 இருந்தது, பொட்டாசியமும் கொஞ்சம் மேல. கல்லீரல் பரவாயில்லன்னாங்க. இதயத்துல ஒண்ணும் இல்லன்னு எக்கோ எடுத்துப் பாத்துட்டு ஃப்ரூசமைடை நிறுத்திட்டாரு, வலி மாத்திரை, சிரப் ரெண்டும் கட். ராமிப்ரிலையும் நிறுத்தி வெச்சிருக்காரு, கிட்னி சரியான பிறகு அதுக்குப் பதிலா டெல்மிசார்டன்னு வேற பிரஷர் மாத்திரை யோசிக்கலாம்னாரு. அம்லோடிபின் பாதி. முட்டிக்கு மேல தடவுற ஜெல்லும் பயிற்சியும். நாலாவது நாள்லயே ராத்திரி உளறல் நின்னுடுச்சு, யூரினும் பரவாயில்ல. இருமல் மட்டும் அப்படியே இருக்கு, அப்ப அது மாத்திரையால வந்தது இல்லையோ?

மாத்திரைக்கடைக்காரன்:
ரொம்ப சந்தோஷம் சகோ. இருமல் உடனே போகாது, ராமிப்ரில் நிறுத்தி ஒண்ணுல இருந்து நாலு வாரம், சிலருக்கு மூணு மாசம் கூட ஆகும். அதுக்குள்ள பொறுமை போய் மறுபடி சிரப் வாங்கிடாதீங்க. அதையும் தாண்டி இருந்தா வேற காரணம் பாக்கணும். டெல்மிசார்டன் வகைல இருமல் ரொம்பக் குறைவு, ஆனா பொட்டாசியம் அதுலயும் ஏறும், அதனால ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு வாரத்துல ரத்த டெஸ்ட் திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க, விட்டுடாதீங்க. பிரஷருக்கு நல்லதுன்னு சோடியம் குறைச்ச உப்பு விக்கிறாங்கல்ல, அதுல நிறைய பொட்டாசியம் குளோரைடுதான் இருக்கும், அப்பாவுக்கு அது வேண்டாம். ஜெல்லும் அதே வலி மாத்திரை குடும்பம்தான், உள்ள போறது கம்மி, இருந்தாலும் சொன்ன அளவுக்கு மேல தடவ வேண்டாம்.

தூக்கமில்லா_மகன்:
சரிண்ணா. நிறுத்தின மாத்திரையெல்லாம் ஒரு டப்பா நிறைய மிச்சம் இருக்கு, என்ன பண்றது?

வார்டு_அக்கா:
அப்பா கைக்கு எட்டுற இடத்துல வெக்காதீங்க, முட்டி வலிச்சா தேடி எடுத்துப் போட்டுடுவாரு. மருந்துக்கடைலயோ ஆஸ்பத்திரிலயோ மிச்ச மாத்திரையைத் திருப்பி வாங்கிக்கிறாங்களான்னு கேளுங்க, வாங்கினா குடுத்துடுங்க. இல்லன்னா அட்டைல இருந்து பிரிச்சு, பொடிக்காம, மண்ணோடயோ காபித்தூள் சக்கையோடயோ கலந்து ஒரு கவர்ல கட்டி குப்பைல போடுங்க.